திட்டம் எழுதும்போதே தரம் பார்க்க முடியுமா?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2024

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பிய நிதியில் குடிநீர்த் திட்டம், கிராமத்துக்கு ஒரு ஆர்.ஓ. பிளான்ட். எங்கள் முன்மொழிவை நிதி தருபவர்கள் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்னேற்றத்தை அளக்கும் குறியீட்டை மாற்று, இந்த வாக்கியத்தைத் திருத்து, லாக்ஃபிரேம் என்ற திட்ட அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்கிறார்கள். இதுவரை தண்ணீரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கேட்டால் தரக் கட்டுப்பாடு என்று பதில். திட்டக் கட்டத்தில் தரம் பார்ப்பது வெறும் காகித வேலை, களத்தில் இறங்கினால்தான் எதுவும் தெரியும் என்பது என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

4 ஜூன், இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

உங்களுக்கு நடந்தது தரக் கட்டுப்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதியது எழுதியதோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். நோக்கமும் செயல்பாடும் சேருகிறதா, குறியீட்டுக்கு எண் இருக்கிறதா, பட்ஜெட் கூட்டல் சரியா. இவையும் வேண்டியதுதான். ஆனால் அடியோடு தவறான திட்டம்கூட இந்தச் சோதனையில் நல்ல மார்க் வாங்கிவிடும்.

களத்தில் இறங்கினால்தான் தெரியும் என்பதை மறுக்கிறேன். இறங்கினால் தெரியும், சரி. தெரிந்தபின் என்ன செய்வீர்கள்? அதற்குள் ஆள் எடுத்தாகிவிட்டது, டெண்டர் விட்டாகிவிட்டது, அடிக்கல்லும் நாட்டியாகிவிட்டது. "இது சரிவராது" என்று அப்போது சொல்பவரை யாரும் விரும்ப மாட்டார்கள். மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த நிறுவனத்தை நான் பார்த்ததே இல்லை. திட்டத்தை நிறுத்தவோ மாற்றவோ முடிந்த காலம் அது காகிதத்தில் இருக்கும் காலம்தான். அதனால்தான் அந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவன் நான். பிறகு ஒரு நிதி நிறுவனத்தின் அலுவலகத்தில் முன்மொழிவுகளைப் படித்துக் கருத்து எழுதும் மேசையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை எழுதுகிறேன்.

5 ஜூன்

காலியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன கட்டம் எது என்று நீங்கள் எழுதவில்லை. அட்டவணையில் மேலிருந்து கீழே போகும் நான்காவது பத்தியில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து நிரப்புங்கள்.

லாக்ஃபிரேம் என்ற அந்த அட்டவணை 1969-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டுக்காக உருவானது. லியோன் ரோசன்பெர்க்கும் அவருடன் இருந்த ஆலோசகர்களும் செய்தது. நான்கு வரிசை, நான்கு பத்தி. முதல் பத்தியில் என்ன செய்யப்போகிறோம் என்பது. இரண்டாவதில் அதை அளக்கும் குறியீடு, மூன்றாவதில் அளவுக்கு ஆதாரம். நான்காவதில் அனுமானங்கள், அதாவது நம் கையில் இல்லாதவை, ஆனால் நடந்தே தீர வேண்டியவை. மற்ற மூன்று பத்திகளும் நம்மைப் பற்றிப் பேசுகின்றன. இந்த ஒன்றுதான் ஊரைப் பற்றிப் பேசுகிறது.

ஜெர்மன் அரசின் உதவி நிறுவனமான ஜிடிஇசட் 1980-களில் இதை எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து அட்டைகளில் எழுதிப் பலகையில் குத்தி விவாதிக்கும் முறையாக வளர்த்தது. அனுமானங்களை வடிகட்ட நல்ல வழியும் அதனோடு வந்தது. இந்த அனுமானம் முக்கியமா? நடக்கக்கூடியதா? முக்கியமானது, ஆனால் நடக்காது என்றால் திட்டத்தை மாற்று. மாற்ற முடியாவிட்டால் கைவிடு. அந்தக் 'கைவிடு' என்ற வார்த்தை வழிகாட்டிக் கையேட்டிலேயே இருக்கிறது.

நடப்பு வேறு. என் மேசைக்கு வந்தவற்றில் நான்காவது பத்தி எப்போதும் கடைசி ராத்திரி நிரப்பியதாகவே இருக்கும். "அரசியல் சூழல் சீராக இருக்கும். மழை வழக்கம்போல் பெய்யும். சமூகம் ஒத்துழைக்கும்." மலாவியில் இருந்து வந்தாலும் மதுரையில் இருந்து வந்தாலும் அதே மூன்று வரி. மேலே இருந்தவர்கள் அதைத் தாண்டிக் குறியீடுகளுக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் தப்பு கண்டுபிடிப்பது சுலபம்.

5 ஜூன், சற்று நேரம் கழித்து

சில தப்புகளுக்கு அனுமானப் பத்திகூட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும். தென்னாப்பிரிக்காவில் பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் குடைராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். 2006-ல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. ஆப்பிரிக்காவில் 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

ஒரு பம்ப் 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். மணிக்கு 1,400 லிட்டர் ஏறும் என்றும் அவர்களே சொன்னார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 37,500 லிட்டர் வேண்டும். 1,400-ஆல் வகுத்துப் பாருங்கள். குழந்தைகள் நாளைக்கு 26 மணி நேரத்துக்கு மேல் விளையாட வேண்டும். பல ஊர்களில் கடைசியில் அந்தக் கனமான சக்கரத்தைப் பெண்கள் கையால் தள்ளினார்கள். இலக்கைத் தொடும் முன்பே திட்டம் ஓய்ந்தது.

இந்தக் கணக்கை ஊடகங்கள் 2009-ல் போட்டன. 2006-ல் அதைப் போட ஒரு காகிதமும் பென்சிலும் போதுமாயிருந்தது.

8 ஜூன்

"அனுமானம் அனுமானம் என்கிறீர்களே, தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. பாதி நம் கதை, மீதி வங்கதேசத்துக் கதை.

1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் முயன்று பார்த்துவிட்டுப் பிறகு விரித்தார்கள். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நிற்கும் குழந்தைக்கு மட்டும் சத்துணவு உருண்டை. 90 நாளில் எடை ஏறிவிட்டால் உணவு நிற்கும். தாய்க்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தருவதுதான் திட்டத்தின் உயிர். சொல்லித் தரும் பெண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதே ஊர்க்காரி, ஏழை, ஆனால் தன் பிள்ளையை நல்ல உடம்போடு வளர்த்தவள். பக்கத்து வீட்டுக்காரி செய்துகாட்டியதை யாரும் "இதெல்லாம் நமக்கு முடியுமா" என்று ஒதுக்க முடியாது. திட்டமிட்டவர்கள் ஊரை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு முடிவே எனக்குப் போதும்.

குழந்தைகளின் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகக் குறைந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். 1995-ல் வங்கதேசத்தில் இதே மாதிரியை ஒட்டி ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. அதே எடை பார்ப்பு, அதே உணவு, அதே தாய்க்கான ஆலோசனை. ஆனால் அங்கே விளைவு வரவில்லை. திட்டம் நடந்த பகுதிக்கும் நடக்காத பகுதிக்கும் குழந்தைகள் நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சேவ் தி சில்ட்ரன் யு.கே. என்ற தொண்டு நிறுவனம் 2003-ல் சொன்னது. 2005-ல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே ஏன் என்று துருவிப் பார்த்தது.

வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். என்ன வாங்குவது என்று முடிவெடுப்பது அவர்கள். மாமியாரோடு வாழும் வீட்டில் அடுப்படி மாமியார் கையில். ஆலோசனை போனதோ இளம் தாய்க்கு மட்டும். அவள் கேட்டாள், புரிந்துகொண்டாள், கேள்வி கேட்டால் சரியாகப் பதிலும் சொன்னாள். செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை. தவிர, கொடுத்த உணவு வீட்டில் மற்றவர்களுக்குப் பங்காகிப் போனது, அல்லது வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிவிட்டது.

"வீட்டில் குழந்தைக்கு என்ன உணவு என்பதைத் தாய் தீர்மானிப்பாள்." தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. எழுதாததால் வங்கதேசத்துக்கு எடுத்துப் போகும்போது அதைச் சரிபார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. வேலை செய்த ஒரு திட்டத்தின் ஆவணத்தை மட்டும் நகலெடுத்தால் அதன் நான்காவது பத்தி ஊரிலேயே தங்கிவிடுகிறது.

டாக்காவுக்கு வெளியே எந்தக் கிராமத்திலும் ஒரு பாட்டியிடம் "இந்த வீட்டில் மீன் வாங்குவது யார்" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பரிசீலனைக் குழுவில் இதைக் கேட்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

9 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் நியாயமான எதிர்வாதம் வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார், அந்த முன்னேற்றத்தில் அதற்கும் பங்கிருக்காதா என்று.

இருக்கலாம். சத்துணவுத் திட்டம் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, உலக வங்கித் திட்டம் 3 வயது வரை. வயது கொஞ்சம்தான் மேற்படிகிறது. ஆனால் மூத்த பிள்ளை மையத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தால் வீட்டில் இருக்கும் சோறு சின்னதுக்குக் கொஞ்சம் கூடும். அதே ஆண்டுகளில் ரேஷன் கடையும் சாலையும் ஆரம்ப சுகாதார நிலையமும் பெருகின. இவற்றையெல்லாம் பிரித்து இதற்கு இவ்வளவு பங்கு என்று சொல்வது கடினம்.

இது நான் சொன்னதைப் பலவீனப்படுத்துவதாக முதலில் தோன்றியது. யோசித்தால் இன்னும் இறுக்குகிறது. எதனால் வெற்றி என்பதே முழுக்கத் தெளியாத ஒன்றை நிரூபிக்கப்பட்ட மாதிரி என்று சொல்லி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "எங்கே நிரூபிக்கப்பட்டது, அங்கே கூட வேறு என்னென்ன இருந்தன" என்று கேட்பதும் திட்டப் பரிசீலனையில் சேர வேண்டும்.

12 ஜூன்

தண்ணீருக்கு வருவோம், உங்கள் விஷயம் அதுதானே.

ஊர்தோறும் இருக்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு, வெளிநாட்டு உதவியில் நடந்த தரக் கட்டுப்பாட்டின் மிக நல்ல உதாரணம் என்பேன். 1960-களின் வறட்சிக்குப் பிறகு யுனிசெப் துரப்பண இயந்திரங்கள் கொண்டுவந்து பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டது. மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பம் பயன்படுத்துவதற்காகச் செய்தவை. ஊரே அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? 1974-ல் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் எடுத்த கணக்கில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யவில்லை.

இன்னும் ஆயிரம் பம்பு வாங்கி மாட்டாமல், பம்பையே மாற்றினார்கள். சோலாப்பூரில் ஒரு மிஷனைச் சேர்ந்தவர்கள் செய்திருந்த உறுதியான பம்பை எடுத்துக்கொண்டு, சென்னையில் இருந்த பொறியியல் ஆய்வு நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையும் யுனிசெப்பும் சேர்ந்து திருத்தின. தண்ணீர் மிக ஆழத்தில் கிடக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம் கொண்டுபோய், நாள் முழுக்க ஜனங்கள் அடிக்கும் கிணறுகளிலேயே சோதித்தார்கள். இந்தியத் தர நிர்ணயம் வந்தது. ஆலையில் இருந்து வெளியே போகும் முன் தனி ஆய்வாளர்கள் பார்த்து முத்திரை போட்டால்தான் வாங்குவது என்று வைத்தார்கள்.

அதற்கு மேல் தமிழ்நாட்டில் பராமரிப்பை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. பம்பு பழுதாகும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு போட்ட திட்டம் அது. பழுதாகவே ஆகாது என்று நம்பும் திட்டங்களைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரே வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகளை வைத்துப் பாருங்கள். அங்கே பம்பில் குறையே இல்லை. குளத்துத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தபோது, 1970-களில் இருந்து அரசும் யுனிசெப்பும் லட்சக்கணக்கில் கிணறு போட்டார்கள். மக்கள் தாங்களாகவும் போட்டுக்கொண்டார்கள். கிணறுகளின் எண்ணிக்கை, ஒரு கிணற்றுக்கு எத்தனை குடும்பம் என்று எல்லாக் குறியீடும் ஏறியது. நிலத்தடி நீர் கிருமி இல்லாதது, ஆகவே பாதுகாப்பானது என்பது எழுதப்படாத அனுமானம். அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. பாறையிலும் வண்டலிலும் இயற்கையாகவே இருப்பது.

எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் 1983-லேயே கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளிடம் இதை அடையாளம் கண்டார். வங்கதேசத்தில் கிணற்று நீரில் ஆர்சனிக் உறுதியானது 1993-ல், சாப்பாய் நவாப்கஞ்சில். நடுவே பத்து வருடம். 1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அங்கே நிலத்தடி நீர் ஆய்வு ஒன்று செய்தது. பல தனிமங்களைச் சோதித்தார்கள், ஆர்சனிக் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் லண்டனில் தொடுத்த வழக்கு 2006-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அந்த ஆய்வகத்துக்குச் சட்டப்படி அவரிடம் அந்தக் கடமை இல்லை என்பது தீர்ப்பு.

3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை ஆபத்தில் என்று 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் மதிப்பிட்டார்கள். வரலாற்றிலேயே மக்கள்தொகை ஒன்றுக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் என்று அந்தக் கட்டுரை சொன்னது. அப்புறம் கிணறு கிணறாகச் சோதித்து, நஞ்சு உள்ளதற்குச் சிவப்பு, இல்லாததற்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கிணறுகள் வயிற்றுப்போக்கில் இருந்து பிள்ளைகளைக் காப்பாற்றவும் செய்தன. 1970-களில் குடிநீருக்கு ஆர்சனிக் சோதனை வழக்கத்திலும் இல்லை. முதல் கிணறு போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1983-க்குப் பிறகு புதுக் கட்டங்களுக்கு நிதி ஒதுக்கியபோதெல்லாம் ஒரு பரிசீலனை நடந்திருக்கும். பக்கத்து மாநிலத்தில், அதே வண்டல் சமவெளியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவற்றில் ஒன்றாவது பார்த்திருக்க வேண்டும். போன கட்டத்தில் ஏற்றுக்கொண்ட அனுமானத்தை அடுத்த கட்டத்தில் யாரும் மறுபடி திறப்பதில்லை. என் மேசையிலும் இதேதான். "இரண்டாம் கட்டம்" என்று தலைப்பில் இருந்தால் பாதிப் பக்கங்களைப் புரட்டிவிடுவார்கள்.

13 ஜூன்

சுனாமியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

பணம் அதிகம், நேரம் குறைவு. பாதிக்கப்பட்ட ஓர் ஆளுக்குச் சராசரியாக 7,100 டாலருக்கு மேல் திரண்டதாகப் பல அமைப்புகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு பிறகு சொன்னது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் செலவானது ஆளுக்கு 3 டாலர். இவ்வளவு பணம் வந்தால் திட்டம் பணத்தின் வேகத்துக்கு எழுதப்படும். கட்டுமரம் இழந்தவருக்கு ஃபைபர் படகு என்று பல நிறுவனங்கள் ஒரே ஊருக்குப் போட்டி போட்டு வந்தன. படகு புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், பெயரும் எழுதலாம். முன்பு கூலிக்குப் போனவரும் படகுக்காரர் ஆனார். சில ஊர்களில் படகு இருந்தது, ஏற ஆள் போதவில்லை. சில படகுகளின் தரமும் மோசம். அவசரத்துக்கு முளைத்த பட்டறைகளில் செய்தவை.

ஒரு முன்மொழிவு நினைவில் இருக்கிறது. மிக ஏழைகளுக்கு மட்டும் வலை என்று எழுதியிருந்தார்கள், கேட்க நன்றாக இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளவில்லை. வந்தது எல்லோருக்கும் சமமாகப் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். வந்த வெளிநாட்டு அதிகாரி இதை ஏழைகளுக்கு எதிரானதாகப் பார்த்தார். எனக்கு அப்படிப் படவில்லை. கடலில் ஒருவர் உயிருக்கு இன்னொருவர் பொறுப்பு, கரையில் அவர்களைப் பிரித்துவிட்டு நாம் ஊருக்குப் போய்விடுவோம். அதே சமயம் அந்தப் பஞ்சாயத்துப் பட்டியலில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் இல்லை. படகு, வலை, என்ஜின் என்று கணக்கெடுத்ததில் அவர்கள் இழந்த அலுமினியச் சட்டியும் கைமுதலும் வரவில்லை. ஊரைக் கேட்டாயா என்ற கேள்வி போதாது, ஊரில் யாரைக் கேட்டாய் என்பதும் வேண்டும்.

நாகையில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்று வைத்திருந்தார்கள். எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவல் ஓர் இடத்தில் கிடைத்தது. அது இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

16 ஜூன்

"இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை" என்பது கேள்வி. கேள்வி கேட்கத் தெரியாததால் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று தெரிவதால்.

1992-ல் உலக வங்கி தன்னைத்தானே சோதித்தது. துணைத் தலைவராக இருந்த வில்லி வாப்பன்ஹான்ஸ் தலைமையில் அறிக்கை வந்தது. 1981-ல் முடிந்த திட்டங்களில் 15 சதவீதம் திருப்தியற்றவை. 1991-ல் அது 37.5 சதவீதம். காரணங்களில் முக்கியமானதாக அறிக்கை சொன்னது, கடனுக்கு ஒப்புதல் வாங்குவதையே சாதனையாகக் கருதும் பழக்கத்தை. திட்டத்தை ஆராய வேண்டிய மதிப்பாய்வு, கடனை விற்கும் கருவியாக ஆகிவிட்டதாக ஊழியர்களே கருதினார்கள். எத்தனை கடன் மேசையைத் தாண்டியது என்பதை வைத்துப் பதவி உயர்வு வந்தால் யார் நிறுத்துவார்கள்?

அதே ஆண்டுதான் வங்கி அமைத்த பிராட்ஃபோர்ட் மோர்ஸ் குழு, நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணை பற்றி அறிக்கை தந்தது. 1985-ல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தபோது, மூழ்கப்போகும் மக்களைப் பற்றி முறையான மதிப்பீடே நடக்கவில்லை என்று அது காட்டியது. 1993 மார்ச்சில் இந்தியா மிச்சக் கடனை வேண்டாம் என்றது. பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட, வங்கியில் ஆய்வுக் குழு ஒன்று அந்த ஆண்டே உருவாயிற்று. கிராம மக்கள் பல வருடம் போராடி வாங்கிக் கொடுத்தது அது.

1996-ல் வங்கி தர உறுதிக் குழு ஒன்றை வைத்தது. புதிதாக ஒப்புதல் ஆனவற்றில் சிலவற்றை எடுத்து, அந்தத் திட்டத்தில் சம்பந்தமில்லாதவர்கள் படித்து மார்க் போடுவார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, எழுதியவருக்கும் மார்க் போடுபவருக்கும் தொடர்பில்லை என்பது. குறை, ஒப்புதல் ஆன பிறகு மார்க் போடுவது.

நான் இருந்த இடத்தில் நிதி ஆண்டு முடியும் மாதங்களில் மேசையில் வந்து குவியும். செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்ற பயம் மேலே. ஒரு சுகாதாரத் திட்டத்துக்கு "செவிலியர் பணியிடங்களை மாநில அரசு நிரப்பும் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டு நிறுத்தச் சொன்னேன். கேள்வி நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள், கோப்பில் சேர்த்தார்கள், திட்டம் அதே வாரம் கையெழுத்தானது. நிறுத்தும் அதிகாரம் இல்லாத பரிசீலனையில் எவ்வளவு நல்ல கேள்வியும் கோப்பில்தான் போய்ச் சேரும். அதிலிருந்து, எந்த அமைப்பின் தர முறையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, கடந்த வருடம் எத்தனை முன்மொழிவுகளை நிறுத்தினீர்கள் என்பதை.

17 ஜூன்

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஒரு கை பார்த்திருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்தில் இருந்து 20 ஆயிற்று. முறைகேடு நடந்த இடங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊரை உள்ளங்கை போல் அறிந்த சின்ன அமைப்புகள் பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான் திட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தன. அந்த வழி அடைபட்டதும் திட்டம் எழுதும் மேசையில் இருந்தும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

21 ஜூன்

கேள்வி கேட்ட நண்பர் தனிச் செய்தியில் ஆவணத்தை அனுப்பினார். நிதி தருபவர்கள் இன்னொரு சுற்றுக்கு அவகாசம் தந்திருக்கிறார்களாம். அவர் அனுமதியோடு இங்கேயே எழுதுகிறேன். உங்கள் லாக்ஃபிரேமில் இப்போது காலிக் கட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் நான்காவது பத்தியில் அதே "சமூகம் ஒத்துழைக்கும்" இருக்கிறது. அதை அழித்துவிட்டுக் கீழே இருப்பவற்றை விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் தண்ணீர் சோதனை டிசம்பரில் எடுத்தது, வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்ட நேரம். மே மாதத்தில் அதே கிணற்றில் உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் இயந்திரத்தின் அளவை எப்படித் தீர்மானித்தீர்கள்? உப்பு கூடக் கூட ஆர்.ஓ. தள்ளும் கழிவு நீரும் கூடும், உப்பை வடிகட்டும் மெம்பிரேனும் சீக்கிரம் போகும். மெம்பிரேன் மாற்றும் செலவும் கரன்ட் பில்லும் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு யாருடையது என்று பட்ஜெட்டில் இல்லை. குடத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்களில் பலவற்றுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது. குழாயில் தண்ணீர் வரும் வாரங்களில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள், வராத வாரங்களின் வசூல் மட்டும் ஆபரேட்டர் சம்பளத்துக்குப் போதுமா?

கழிவு நீர் எங்கே போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. வரைபடத்தில் பிளான்டுக்கும் ஊரணிக்கும் இடையே ஒரு தெருதான் இருக்கிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருவது. உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு கிராமங்களில் பெண்கள் இன்றும் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் அள்ளிக் குடம் நிரப்புகிறார்கள். மணல்மேட்டுக்கு அடியில் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும் நல்ல தண்ணீர் அது. அதற்குப் பக்கத்தில் போர் போட்டு மோட்டார் வைத்து நாள் முழுக்க இழுத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறும். பிளான்ட் நின்றுபோகிற அன்று அவர்களுக்கு ஊற்றும் இருக்காது. அந்த இரண்டு ஊரையும் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது போர் எங்கே போடுவது என்பதை நீரியல் தெரிந்த ஒருவர் ஊற்றுத் தோண்டும் பெண்களோடு நடந்துபோய்ப் பார்த்துச் சொல்லட்டும்.

22 ஜூன்

இரண்டு ஊரை எடுத்தால் பயனாளிகள் எண்ணிக்கை குறைந்து மார்க் போய்விடும் என்கிறீர்கள். போகட்டும். எண்ணிக்கைக்கு அடுத்த கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள், மே மாதச் சோதனை முடிவையும் கூடவே வையுங்கள். அதைப் படித்துவிட்டும் அவர்கள் பழைய எண்ணையே கேட்டால், அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பதில் எழுதுவோம்.